பம்ப் பிறந்த கதையும் அதுக்கப்புறம் நடந்ததும்

"பம்ப் வேணாம் டாக்டர், பழகிடும். சிரப்பே எழுதிக் குடுங்க." வீசிங் வர்ற பிள்ளைகளோட அம்மா அப்பா அடிக்கடி சொல்றது இது. பழகிடும்ங்கிற பயம் தேவையில்லாதது. ஆனா பம்ப் வரலாற்றில் நிஜமாவே பயப்பட வேண்டிய ஒரு பக்கம் உண்டு. அதைச் சொல்றேன்.

1955, அமெரிக்கா. ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசன். அவரது 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அப்போ மருந்தைக் கண்ணாடிக் குமிழில் ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி இழுக்கணும். அளவு ஒரே மாதிரி வராது, கண்ணாடி வேற உடையும். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி இதையும் டப்பாவில் அடைச்சுத் தரக்கூடாதான்னு அவள் கேட்டாள். அடுத்த வருஷமே இன்ஹேலர் விற்பனைக்கு வந்துடுச்சு! ஒரு அமுக்கு, ஒரே அளவு மருந்து.

அடுத்து இங்கிலாந்து. 1959க்கும் 1966க்கும் இடையில், அங்கேயும் வேல்ஸிலும் 10-14 வயதுப் பிள்ளைகளின் ஆஸ்துமா மரணங்கள் கிட்டத்தட்ட 8 மடங்கு ஏறின. 1966ல் அந்த வயதில் இறந்தவர்களில் 7 சதவீதம் பேருக்குக் காரணம் ஆஸ்துமா. ஐசோபிரினலின் பம்ப் விற்பனை ஏறியதும் இதே காலத்தில்தான். 1967ல் டாக்டர்களுக்கு எச்சரிக்கை போனது. 1968ல் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றார்கள். மரணங்கள் குறைந்தன.

மருந்து இதயத்தைத் தாக்கியதா? இல்ல, பம்ப் அடிச்சதும் மூச்சு லேசாகுதேன்னு ஆஸ்பத்திரிக்குத் தாமதமா போனாங்களா? இன்னும் வாதம் ஓயலை. நான் தினமும் பார்க்கிறது ரெண்டாவதைத்தான்.

ஏன்னா ஆஸ்துமாவில் ரெண்டு வேலை நடக்குது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுது. உள்சுவர் வீங்கிச் சளி கட்டுது. உடனடி நிவாரண பம்ப் தசையை மட்டும்தான் தளர்த்தும். வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைக்கிற ஸ்டீராய்டு பம்ப் 1972லேயே வந்தாச்சு. (ஸ்டீராய்டுன்னதும் பதறாதீங்க, அளவு மைக்ரோகிராமில்.) நிவாரண பம்ப்பை மட்டும் நம்பக்கூடாதுன்னு உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சொன்னது 2019ல்தான்!

200 தடவை அடிக்கிற நிவாரண பம்ப் வருஷத்துக்கு மூணு, அதுக்கும் மேல காலியானா, பிள்ளைக்குத் திடீர்னு மோசமாகிற ஆபத்து கூடுதல். அதனால அடுத்த தடவை வரும்போது காலி டப்பாக்களையும் எடுத்துட்டு வாங்க. எண்ணிப் பார்த்துடலாம்.