சுண்ணாம்புக்கல்லின் இரு பிறப்பு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்கு வழிவிட்டுப் பழகியவர்கள் நாங்கள். 'நீறு' என்னும் சொல் சாம்பலையும் குறிக்கும், சுண்ணாம்பையும் குறிக்கும் என்று வகுப்பில் சொல்வதுண்டு. கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் நீறு கிடைக்கும். அந்தக் கல்லே நெருப்பில் பிறந்ததாக இருக்கக்கூடுமா? நிலவியலாளர்கள் நெடுங்காலம் வழக்காடிய கேள்வி இது.

எங்கள் மண்ணைப் பொறுத்தவரை விடை எளிது. 1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேய அதிகாரிகள் தென்னிந்தியாவில் திரட்டிய சிப்பிப் படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து வெளியிட்டார். பிறகு பிளான்ஃபோர்டு இப்பகுதியை அளந்து வரைபடமாக்கினார். 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த ஸ்டோலிச்கா, இங்குக் கிடைத்த நத்தை, சிப்பி, அம்மோனைட்டு முதலியவற்றைப் பெருந்தொகுதிகளாக விவரித்தார். கிரெடேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

ஆனால் சிப்பியே இல்லாத சுண்ணாம்புப் பாறைகளும் உண்டு. நார்வேயின் ஃபென் பகுதியில் அத்தகைய பாறையைக் கண்ட புரோகர், அது பூமிக்குள்ளிருந்து உருகி வந்தது என்று 1921இல் எழுதி, அதற்குக் 'கார்பனடைட்டு' என்று பெயரிட்டார். பலர் ஏற்கவில்லை. பழைய கடற்சுண்ணாம்பையே எரிகுழம்பு விழுங்கியிருக்க வேண்டும் என்றார்கள். நீர் சேர்ந்தால், அழுத்தத்தின்கீழ், சுண்ணாம்பு சுமார் 650 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும் என்று வைலியும் டட்டிலும் 1960இல் சோதனையில் காட்டினர். அதே ஆண்டில் இன்றைய தான்சானியாவின் ஓல்டோய்ன்யோ லெங்காய் எரிமலையில் கார்பனேட்டுக் குழம்பு வழிவதை டாசன் நேரில் கண்டார். இந்தியாவில் குஜராத்தின் அம்பா டோங்கர் பாறையைக் கார்பனடைட்டு என்று சுகேஸ்வாலாவும் உதாசும் 1963இல் அறிவித்தனர். பின்னர் நம் திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரிலும் அது அறியப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 80 கோடி ஆண்டு.

இந்த வழக்கில் நம்பகமான சாட்சியாக வந்தவை லாந்தனம், சீரியம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள். கார்பனடைட்டுக் குழம்பு குளிரும்போது முதலில் கால்சைட்டு படிகமாகிறது. அதற்குள் அருமண் அயனிகள் எளிதில் பொருந்துவதில்லை. ஓரளவு அபட்டைட்டுக் கனிமத்தில் சேர்கின்றன, மீதி எஞ்சிய குழம்பிலேயே செறிகின்றன. கடைசியில் வரும் வெந்நீர்க் கரைசல்களில் பாஸ்ட்னசைட்டு, மோனசைட்டு என்னும் கனிமங்களாகப் படிகின்றன. கதை அதோடு முடிவதில்லை. பிற்காலத்துக் கரைசல்கள் அபட்டைட்டை அரித்து, அதில் இருந்த அருமண்ணைப் புதிய மோனசைட்டாக மாற்றுவதுண்டு. மழையும் வெயிலும் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோனால், கரையாத அருமண் மேலும் செறிகிறது. ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டு படிவு அப்படி உருவானதே.

கடற்சுண்ணாம்பிலோ அருமண் மிகக் குறைவு. பெரும்பாலும் பத்து லட்சத்தில் சில பங்கு முதல் சில பத்துப் பங்கு வரைதான். அதிலும் சீரியம் தன் இனத்தைவிடக் குறைந்திருக்கும். கடல்நீரில் ஆக்சிஜனேற்றமடைந்து அது முன்னதாகவே பிரிந்துவிடுவதே காரணம். ஆகவே சிப்பி இல்லாத கல்லும் தன் பிறப்பைச் சொல்லும். சீனத்தின் பயான் ஓபோவில் 1927இல் இரும்புத் தாதுவும் 1935இல் அருமண் கனிமங்களும் அறியப்பட்டன. உலகின் மிகப்பெரிய அருமண் படிவான அதைத் தாங்கும் டோலமைட்டுப் பாறை கடலில் பிறந்ததா, நெருப்பில் பிறந்ததா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டனர். பின்னாளில் படிந்த அருமண் முதற்படிவின் சாயலை மறைத்துவிட்டதால் அங்கே சாட்சியும் குழம்பிப்போனது.

அருமண்ணுக்கு இன்று உலகெங்கும் பெரும் தேவை. அரியலூர்ச் சுண்ணாம்பில் அந்தச் செல்வம் இல்லை. அதனாலேயே அது சிமெண்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடுகிறோம். செவ்வாத்தூர்க் கல்லைப் பொடித்தாலும் அதன் சாட்சியம் அழியாது; அது அணுக்களில் இருக்கிறது. எங்கள் கல்லின் முதற்சாட்சியமோ வடிவத்தில், ஓர் அம்மோனைட்டின் சுருளில் இருக்கிறது. அது அரைக்கப்பட்டால் பிறகு படிக்க ஒன்றும் மிஞ்சாது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் சில வைக்கப்பட்டிருக்கின்றன. மாணவர்களை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்லும்படி சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.