லால்பாகின் பூமரங்களும் தமிழ்ப் பெயர்களும்

ஃபேர்லேண்ட்சில் நடைபெற்ற நம் மன்றத்தின் மாதக் கூட்டமொன்றில் உறுப்பினர் ஒருவர் கவிதை படித்தார். அமெரிக்காவில் மகள் வீட்டு வாசலில் இளவேனிலில் பூத்து நின்ற டாக்வுட் மரத்தைப் பற்றியது அது. படித்து முடித்தவர் என்னை நோக்கி, "இதற்குத் தமிழில் என்ன பெயர் அம்மா?" என்று வினவினார். பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, "நாய்மரம்" என்றார். அவை நகைத்தது. தமிழில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை கூற இயலவில்லை. தொண்ணூற்றொன்பது பூக்களைக் குறிஞ்சிப்பாட்டில் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மொழியைக் கற்பிப்பவள் ஒரு மரத்தின் முன் ஊமையானாள்.

வீடு திரும்பித் தேடினேன். டாக்வுட் குளிர்நாட்டு மரம். பூவிதழ்கள் போல் விரியும் அதன் நான்கு வெண்தகடுகள் உண்மையில் இதழ்களல்ல, பூவடிச் செதில்கள். நடுவிலிருக்கும் சிறு மஞ்சட் கொத்தே பூ. நம் தெருச் சுவர்களில் படரும் காகிதப்பூவும் இதே வித்தையைத்தான் காட்டுகிறது. சேலத்துச் சமவெளியில் டாக்வுட் இல்லை. ஆனால் அதன் உறவு உண்டு. நம் வறண்ட புதர்க்காடுகளில் வளரும் அழிஞ்சிலை இன்றைய தாவரவியலார் டாக்வுட் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். உதிர்ந்த வித்துகள் மீண்டும் தாய்மரத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையால் 'ஏறழிஞ்சில்' எனப் பெயர் பெற்றதும், சிவானந்தலகரியில் பக்திக்கு உவமையானதும் இந்த மரமே.

உறவு கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. அயல்நாட்டு மரமொன்று நம் மொழியில் பெயர் பெறுவது எவ்வாறு? அயல் மரங்கள் வந்திறங்கிய தோட்டமொன்றில் சென்று பார்ப்பதே நேர்வழி எனத் தோன்றியது. மன்றத்தார் ஐவர் மார்ச்சுத் தொடக்கத்தில் பெங்களூர் லால்பாகுக்குப் புறப்பட்டோம்.

தொப்பூர், தர்மபுரி, கிருட்டிணகிரி, ஓசூர் எனச் செல்லும் அந்தச் சாலையே ஒரு வரலாற்று ஏடு. சேலமும் பாரமகாலும் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்து, 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறியவை. லால்பாக் தோன்றிய 1760-இல் அதனைத் தோற்றுவித்த ஐதரின் செல்வாக்கு நம் மண்ணையும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அதனை அயலார் தோட்டம் என எண்ண எனக்கு மனம் வரவில்லை. பாரமகாலில் பணியாற்றிய தாமஸ் மன்றோ, தர்மபுரியில் தாம் அமைத்த தோட்டத்தைப் பிரிய வருந்திக் கடிதம் எழுதியவர். நிலவரி கணக்கிட்ட கைக்கும் தோட்டத்தின் மீது காதல் இருந்திருக்கிறது.

சிராவிலிருந்த மொகலாயத் தோட்டத்தை மாதிரியாகக் கொண்டு ஐதர் தொடங்கியதைத் திப்பு விரிவுபடுத்தினார். பல நாடுகளிலிருந்து விதைகளும் கன்றுகளும் வருவித்தார். திப்பு மாண்ட மறு ஆண்டு, 1800-இல், இவ்வழி வந்த பிரான்சிஸ் புக்கானன் கண்ட காட்சி சுவையானது. சதுரப் பாத்திகள், ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள், ஒவ்வொரு செடிக்கும் தனிப் பாத்தி. ஒன்று முழுவதும் ரோசா, மற்றொன்று முழுவதும் மாதுளை. அகத்திணைக்குத் தனி நிலம் வகுத்த நம் முன்னோர் இதனைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

1856-இல் இது அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. 1874 முதல் பொறுப்பிலிருந்த ஜான் காமரன் காலத்தில், 1889-இல், கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பூமரங்களைப் பொறுத்தவரை மறக்கலாகாத பெயர் கிரும்பிகல். செருமனியில் பிறந்து, இலண்டன் கியூ தோட்டத்தில் பயின்று, பரோடா வழியாக மைசூர் அரசுப் பணிக்கு வந்தவர். 1908 முதல் 1932 வரை இத்தோட்டத்தின் தலைவர். ஒன்று பூத்து ஓய்ந்ததும் மற்றொன்று பூக்குமாறு மரங்களைத் தேர்ந்து நட்டுப் பெங்களூர்த் தெருக்களுக்கு ஆண்டு முழுவதும் பூ வழங்கியவர். பெரும்பொழுது ஆறனையும் மரங்களால் எழுதிய புலவர் என்றே அவரைச் சொல்வேன்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். தென்னமெரிக்கக் காட்டு மரமொன்று நம்மிடையே நாகலிங்கமாயிற்று. படமெடுத்த நாகம் இலிங்கத்துக்குக் குடை பிடிப்பதைப் பூவினுள் கண்ட யாரோ சூட்டிய பெயர். அதன் பின் சிவன் கோயில்களில் தல மரம் போலவே அது நின்றுவிட்டது. மடகாஸ்கரிலிருந்து வந்த தீநிறப் பூமரம் செம்மயிற்கொன்றை ஆயிற்று. நம் ஊர் வைத்தியர் மூட்டு வலிக்குப் பறிக்கும் வாதநாராயணன் அதன் உடன்பிறப்பு என்பதைப் பலரும் அறியார். கோயிலும் வீடும் ஏற்ற மரங்களுக்குப் பெயர் கிடைத்தது. சாலைக்காக வந்த ஜகரண்டாவும் தபேபுயாவும் இன்றும் பலர் வாயில் பலகையிலுள்ள பெயரோடே வழங்குகின்றன.

பெயரிட்டோர் யாரென ஏடுகளில் இல்லை. தோட்டத்தை வளர்த்த கைகளைப் பற்றியும் மிகுதியாக இல்லை. பெங்களூரின் தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக நின்றவர் திகளர் சமூகத்தார், தமிழகத்திலிருந்து வந்தவர், தமிழும் கன்னடமும் கலந்த பேச்சினர். ஐதர் அழைத்து வந்தார் என்பது ஒரு மரபு. அதற்கு முன்பே குடியேறினர் என்பது மற்றொன்று. தர்மராயர் கோயிலில் அவர்கள் எடுக்கும் சித்திரைக் கரகத்தில் மல்லிகை சூடி எழுந்தருள்பவள் திரௌபதி. நம் பக்கத்துத் தீமிதித் திடல்களில் நிற்கும் அதே அம்மன். கண்காணிப்பாளர் பெயரில் சாலை இருக்கிறது. நீர் ஊற்றியவர்க்குக் கரகம் மட்டும் இருக்கிறது. இவ்வரலாற்றை எழுதத் தமிழ்த் துறையார் எவரும் முன்வராதது எனக்குக் குறையாகவே படுகிறது. அக்குறையில் எனக்கும் பங்குண்டு.

இலையின்றி மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டிய தபேபுயாவின் கீழ் மூதாட்டி ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். தமிழில் பேசினோம். தாத்தா காலத்தில் தர்மபுரிப் பக்கமிருந்து வந்தார்களாம். மரத்தின் பெயரைக் கேட்டேன். "மஞ்சப்பூ மரம் கண்ணு. வேற என்னா?" என்றார். குறிப்பேட்டைத் திறந்த நான் அதையே எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில், தொப்பூர்க் கணவாய்க்கு முன்பாக, சாலையோரப் புதரில் ஓர் அழிஞ்சில் பூத்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். வெளிர்மஞ்சள் இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டிருந்தன. மணம் தொலைவிலேயே வந்தது. டாக்வுட் கவிஞர் ஒரு பூவைக் கையில் ஏந்தி இதழ்களை எண்ணினார். ஆறு. "அங்கே நான்கு" என்றார். "அவை இதழ்களல்ல" என்று நினைவூட்டினேன். பூவைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். கவிதையில் டாக்வுட் என்ற சொல்லை அவர் இன்றுவரை மாற்றவில்லை.