மண் மூடிய பட்டணம்



பிரேசர் மலைக்குப் போகிறவர்கள் வழியில் கோலகுபு பாரு என்னும் சிற்றூரைக் காண்பார்கள். 'பாரு' என்றால் மலாய் மொழியில் புதியது. அப்படியானால் பழைய கோலகுபு எங்கே?

அந்த ஊரை முதலில் அடித்தது தண்ணீர். சிலாங்கூர் ஆற்றை மறித்து நின்ற பழைய அணை 1883இல் உடைந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. ரேங்கிங் என்னும் வெள்ளைக்கார அதிகாரியும் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை என்று ஊரார் கதை சொல்வதுண்டு. அந்த இடத்திற்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை என்றே பெயர்.

ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் இரண்டாம் முறை நேர்ந்த அழிவுக்கு முதலையைக் குறை சொல்ல முடியாது. ஆற்றின் மேல்பகுதியில் ஈயம் எடுத்தார்கள். மண்ணை நீர் விட்டுக் கரைத்தால் கனமான ஈயத்தாது அடியில் தங்கும். மணலும் சேறும் ஓடிவிடும். எங்கே ஓடும்? ஆற்றுக்குத்தான். மலைச்சரிவில் விரைந்து வரும் நீர், சமதரையை அடைந்ததும் தளர்ந்து, சுமந்து வந்த மண்ணை இறக்கி வைத்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஆற்றுப்படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்தால் கரை தாழ்ந்தது என்றுதானே பொருள்? 1920களில் வெள்ளத்தோடு சேறும் ஊருக்குள் ஏறியது. கடைசியில் நகரத் திட்ட அதிகாரி சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி மேட்டு நிலத்தில் புதிய ஊர் எழும்ப, 1930ஐ ஒட்டி மக்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள்.

ஈயச் சுரங்கங்கள் மட்டுமே நம் ஆறுகளைக் கலக்கின என்று சொல்லிவிட முடியாது. நம் பாட்டன்மார் உழைத்த ரப்பர் தோட்டங்களுக்கும் அதில் பங்குண்டு. அக்காலத் துரைமார்களுக்கு ஒரு புல்கூட முளைக்காத தோட்டமே நல்ல தோட்டம். கங்காணி பின்னால் நிற்க, ஆணும் பெண்ணும் தரையைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கூலிக்குச் செய்தார்கள், உத்தரவு துரையுடையது. வெறுந்தரையில் மழை அடித்ததும் மேல்மண் வாய்க்காலுக்குப் போயிற்று, சத்தும் கூடவே போயிற்று. பிறகுதான் மண்குழிகளும், தரையை மூடிப் படரும் கலப்பகோனியம் போன்ற கொடிகளும் பரவலாக வந்தன. அவரை இனத்தைச் சேர்ந்த அக்கொடிகள் மண்ணைப் பிடித்து வைப்பதோடு தழைச்சத்தும் தரும்.

உரத்தின் கதையும் இதுதான். பயிர் எடுத்தது போக மிஞ்சியது ஆற்றில் கரைந்தால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் விருந்து. அவை அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் மடியும். கேமரன் மலையில் 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியைக் காய்கறித் தோட்டங்களின் மண் தூர்த்துவிட்டது. கொள்ளளவு சுருங்கிய அந்த அணையிலிருந்து 2013 அக்டோபரில் கனமழையின்போது திறந்துவிட்ட நீர், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பலி கொண்டது.

கோலகுபு பாருவுக்கு மேலே இன்று சிலாங்கூர் ஆற்றில் பெரிய அணையொன்று நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் குடிக்கும் நீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது.