சாவுக்கு வராதவள்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் பேசியது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எம்.ஏ. மாணவி. "சாவுக்குக்கூட வரல பாருங்க மேம். என்ன பொம்பள இவ!" அரங்கில் இருந்த முப்பது பேரும் தலையாட்டினார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கும் அவள் சொன்னது சரியென்றுதான் பட்டது. பிற்பாடு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். கல்யாணத்துக்கு வராதவரை நம் ஊரில் மன்னித்துவிடுவார்கள். சாவுக்கு வராதவரைப் பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். 1945இல் ஹாலிவுட்டில் ஒரு படத்துக்குக் கதை எழுதியவர்களுக்கும் இந்த நியாயம் தெரிந்திருக்கிறது.

படத்தின் பெயர் 'எ சாங் டு ரிமெம்பர்'. கொலம்பியா நிறுவனம் எடுத்த வண்ணப்படம். இயக்கியவர் சார்லஸ் விடோர். போலந்து நாட்டு இசைமேதை ஷோப்பானாக கார்னல் வைல்ட் நடித்தார். எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டாக மெர்ல் ஓபரான். பியானோவை உண்மையில் வாசித்தவர் ஹொசே இத்தூர்பி. படத்தில் அவர் பெயர் வராது. ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று ஒன்றையும் வெல்லவில்லை. ஆனால் ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஷோப்பானின் இசையைத் தெருவரை கொண்டுபோன படம் என்று அதற்கு இன்றும் பெயருண்டு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய ஆளுநர் முன்னால் வாசிக்க மறுத்து எழுந்துபோகிறான் இளம் ஷோப்பான். ஆசான் எல்ஸ்னருடன் பாரிஸுக்குத் தப்புகிறான். அங்கே ஆண் உடையில் உலவும் ஜார்ஜ் சாண்ட் அவனைக் கவர்ந்து, மயோர்கா தீவுக்குக் கொண்டுபோய், நாட்டையும் ஆசானையும் மறக்கடிக்கிறாள். போலந்து நடனத் தாளத்தில் அவன் எழுதும் பொலொனேஸைக் குப்பை என்கிறாள். கடைசியில் விழித்துக்கொண்டவன் தாய்நாட்டுக்குப் பணம் திரட்ட ஊர் ஊராக வாசிக்கிறான். பியானோவின் வெள்ளைக் கட்டைமேல் ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது. மரணப் படுக்கையிலிருந்து அவளுக்கு அழைப்பு போகிறது. ஓவியர் முன் அசையாமல் உட்கார்ந்திருப்பவள் வர மறுக்கிறாள்.

இந்தக் கட்டுரையில் படத்தில் வருபவளை 'அவள்' என்றும், வாழ்ந்தவரை 'அவர்' என்றும் எழுதுகிறேன். தமிழ் இந்த வசதியைத் தருகிறது. பயன்படுத்திக்கொள்வோம்.

வரலாற்றுக்கு வருவோம். எல்ஸ்னர் ஷோப்பானுடன் பாரிஸுக்குப் போகவே இல்லை. வார்சாவிலேயே இருந்து 1854இல் இறந்தார். ஷோப்பான் தப்பி ஓடவும் இல்லை. 1830 நவம்பர் 2ஆம் தேதி முறைப்படி வழியனுப்பப்பட்டுப் புறப்பட்டவர், அம்மாதக் கடைசியில் வார்சாவில் எழுச்சி வெடித்தபோது வியன்னாவில் இருந்தார். ரஷ்யர்கள் முன்னால் வாசிக்க மறுத்தாரா? சின்ன வயதிலேயே ஜாரின் தம்பி கான்ஸ்டன்டின் மாளிகையில் வாசித்தவர் அவர். 1825இல் ஜார் முதலாம் அலெக்சாண்டர் முன் வாசித்து வைர மோதிரம் பரிசு பெற்றார்.

அவருக்கு நாட்டுப்பற்று இல்லை என்று சொல்ல வரவில்லை. லண்டன் கில்ட்ஹாலில் 1848 நவம்பரில் அவர் வாசித்த கடைசிப் பொதுக் கச்சேரி போலந்து அகதிகளின் உதவிக்காகத்தான். நிற்கவே முடியாத உடம்போடு வாசித்தார். படம் எடுத்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நாஜிகள் 1940இல் வார்சாவிலிருந்த ஷோப்பான் சிலையைத் தகர்த்திருந்தார்கள்; அவர் இசைக்கே தடை போட்டிருந்தார்கள். போர்க்காலத்துக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான். வரவேற்பறைகளில் மென்மையாக வாசித்து, சீமாட்டிகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்து, வாழ்நாள் முழுவதிலும் முப்பது பொதுக் கச்சேரிகள் போலவே செய்த நோயாளியை வீரனாக்கியாக வேண்டும். வீரத்தை எங்கிருந்து எடுப்பது?

பக்கத்திலேயே இருந்தது. 1841இல் பியேர் லெரூவுடன் சேர்ந்து சோஷலிசச் சார்புள்ள இதழைத் தொடங்கியவர் ஜார்ஜ் சாண்ட். 1848 புரட்சியில் மன்னராட்சி கவிழ்ந்ததும் தற்காலிக அரசின் அறிக்கைகளை எழுதித்தந்தவர். குடியரசுவாதி, விவசாயிகளையும் தொழிலாளிகளையும் நாவலுக்குள் கொண்டுவந்தவர். அதே 1848 ஏப்ரலில், மாணவிகள் பாரிஸை விட்டுப் போய்விட்டதால் வருமானம் நின்று லண்டனுக்குக் கப்பலேறினார் ஷோப்பான். படம் என்ன செய்கிறது? அவருடைய அரசியலைப் பிடுங்கி இவனுக்குக் கொடுக்கிறது. இவனுடைய வரவேற்பறைச் சொகுசை எடுத்து அவள் தலையில் கட்டுகிறது. நாட்டைப் பற்றிக் கவலைப்படாதே, கலை போதும் என்று அவளைச் சொல்லவைக்கிறது. வெளுத்த துணியின் அழுக்கு எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும். இங்கே அது ஒரு பெண்மேல் கொட்டப்பட்டது.

பொலொனேஸ் விஷயம் இன்னும் அநியாயம். படத்தில் ஓயாமல் ஒலிக்கும் அந்தப் புகழ்பெற்ற பொலொனேஸ் 1842இல் எழுதப்பட்டது. அந்த ஆண்டுக் கோடையை அவர் கழித்தது நொஆன் கிராமத்தில், ஜார்ஜ் சாண்டின் வீட்டில். 1839இல் ஒன்று, பின் 1841 முதல் 1846 வரை ஆண்டுதோறும் ஒன்று என ஏழு கோடைகள் அங்கே தங்கினார். அவருடைய பெரிய படைப்புகள் பலவும் அந்த வீட்டு அறையில் உருவானவை. சோறு வேளைக்கு வந்தது, பியானோ இருந்தது, தொந்தரவு இல்லை. எழுதுகிற பெண்களுக்கு இது என்ன வரம் என்று தெரியும். அந்த வரத்தைக் கொடுத்தவரும் எழுதுகிற பெண்தான்.

மயோர்கா விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். படத்தில் அது காதல் தீவு. நடந்தது 1838 நவம்பரில் தொடங்கிய ஒரு மழைக்காலம். சாண்டுடன் போனவர்கள் பதினைந்து வயது மகன் மோரிஸ், பத்து வயது மகள் சொலான்ஜ், இருமிக்கொண்டே இருந்த ஷோப்பான். காசநோய் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொன்னார். நோயாளி படுத்த கட்டிலுக்கும் படுக்கைக்கும் பணம் கேட்டார். வல்தெமோசாவின் கைவிடப்பட்ட மடாலயத்தில் போய்த் தங்கினார்கள். பாரிஸிலிருந்து வரவேண்டிய பிளெயல் பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. அங்கேதான் ஷோப்பான் தன் இருபத்துநான்கு பிரெலூடுகளை முடித்தார். அங்கேயே சாண்ட் 'ஸ்பிரிதியோன்' நாவலை முடித்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், சமையல், நோயாளி, இரவில் எழுத்து. அந்த எழுத்துக்கு வந்த பணத்தில்தான் பெரும்பாலும் குடும்பம் நடந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்கு இயல்களையும் நான் இரவு பத்துக்குமேல், குழந்தை தூங்கிய பிறகு எழுதினேன். அதனாலோ என்னவோ, மயோர்காவைக் காதல் தீவாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

படத்தில் மோரிஸும் சொலான்ஜும் இல்லவே இல்லை. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின் காலத்தில், கணவனைப் பிரிந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேறொருவரோடு வாழும் பெண்ணைத் தண்டிக்காமல் காட்ட முடியாது. பிள்ளைகளை எடுத்துவிட்டால் வேலை சுலபம். தாயும் போய்விடுவாள், மருத்துவச்சியும் போய்விடுவாள், மோகினி மட்டும் மிஞ்சுவாள்.

சாண்டைத் தெய்வமாக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. மகள் சொலான்ஜிடம் அவர் காட்டிய கடுமையைப் படித்தால் மனம் கசக்கும். 1846இல் அவர் எழுதிய 'லுக்ரேசியா புளோரியானி' நாவலில் சந்தேகப்பட்டு வதைக்கும் காதலன் ஷோப்பான்தான் என்று நண்பர்கள் அடையாளம் கண்டார்கள். மறுவருஷம் சொலான்ஜ் சிற்பி கிளெசாஞ்ஜேயைக் கல்யாணம் செய்தபோது எழுந்த குடும்பச் சண்டையில் ஷோப்பான் மகளின் பக்கம் நின்றார். உறவு முறிந்தது. நாட்டுப்பற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தத் தெருவிலும் நடக்கிற, மாப்பிள்ளை சம்பந்தப்பட்ட சண்டை.

1848 மார்ச் 4ஆம் தேதி ஒரு தோழியின் வீட்டு வாசலில் இருவரும் தற்செயலாக எதிர்ப்பட்டார்கள். நீங்கள் பாட்டியாகிவிட்டீர்கள் என்ற செய்தியை ஷோப்பான்தான் சாண்டிடம் சொன்னார். மகள் பிரசவித்தது தாய்க்குத் தெரியாது. பிறகு சந்திக்கவில்லை. 1849 செப்டம்பரில் ஷோப்பானின் அக்கா லுத்விகாவுக்குச் சாண்ட் கடிதம் எழுதி உடல்நிலையை விசாரித்தார். பதில் வரவில்லை. அக்டோபர் 17 அன்று ஷோப்பான் இறந்தார். வரச் சொல்லி யாரும் அழைக்காத சாவு அது. அவர் 'வர மறுத்தார்' என்பது படம் எழுதிச் சேர்த்தது.

உண்மையில் அந்தப் படுக்கையைச் சுற்றி நின்றவர்களில் பெண்களே முக்கியமானவர்கள். வார்சாவிலிருந்து வந்து பணிவிடை செய்த லுத்விகா. மாணவி மார்ச்செலினா. சொலான்ஜ். இறுதிச் சடங்குக்குப் பணம் கொடுத்தவர் ஸ்காட்லாந்து மாணவி ஜேன் ஸ்டெர்லிங். படத்தில் அந்த இடத்தில் வந்து நிற்பவள் வார்சாவின் பழைய காதலி கான்ஸ்டான்சியா. நிஜ கான்ஸ்டான்சியாவோ 1832இலேயே வேறொருவரை மணந்துகொண்டவர். சடங்கு மதலேன் தேவாலயத்தில் நடந்தது. மோட்சார்ட்டின் ரெக்வியம் பாட வேண்டும் என்பது இறந்தவரின் ஆசை. அதற்குப் பெண்குரல் வேண்டும். அந்தத் தேவாலயத்தில் பெண்கள் பாடக் கூடாது. கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பாடலாம் என்று கடைசியில் அனுமதி கிடைத்தது. திரைக்குப் பின்னால் பாடியவர்களில் ஒருவர் போலின் வியார்தோ, சாண்டின் நெருங்கிய தோழி. ஹாலிவுட் இந்தக் காட்சியை எடுக்கவில்லை. கையில் கிடைத்த வைரத்தை விட்டுவிட்டார்கள்.

தம்பியின் இதயத்தை ஒரு ஜாடியில் வைத்து மறைத்து எல்லை தாண்டி வார்சாவுக்குக் கொண்டுபோன லுத்விகா, சாண்ட் ஷோப்பானுக்கு எழுதிய கடிதங்களை மட்டும் ரஷ்யச் சோதனைக்குப் பயந்து எல்லைக்கு இப்பால் விட்டுச் சென்றார். 1851இல் இளைய அலெக்சாண்டர் தூமாவின் கண்ணில் அவை பட்டு, சாண்டிடமே திரும்பி வந்தன. சாண்ட் அவற்றை எரித்துவிட்டார். தன் வாழ்க்கையைத் தானே வெளுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். ஆனால் பிறர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஓவியர் முன் அவள் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சி என்னை வேறோர் ஓவியத்திடம் கொண்டுபோனது. இருவருக்கும் நண்பரான தெலக்ருவா 1838இல் இருவரையும் ஒரே துணியில் வரைந்தார். ஷோப்பான் பியானோ வாசிக்கிறார், சாண்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிக்கப்படாத அந்த ஓவியத்தைத் தெலக்ருவாவின் சாவுக்குப் பிறகு இரண்டாக வெட்டினார்கள். ஷோப்பானின் தலை இப்போது பாரிஸ் லூவரில். சாண்ட் கோபன்ஹேகனுக்கு அருகே ஒரு அருங்காட்சியகத்தில்.

இனி, திரையில் சாண்டாக வந்தவரைப் பற்றி. மெர்ல் ஓபரான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் எழுதியிருந்தது. அவர் பிறந்தது பம்பாயில், 1911இல். பெயர் எஸ்டல் மெர்ல் தாம்சன். வளர்ந்தது கல்கத்தாவில். அவரை மகளாக வளர்த்த ஷார்லட் செல்பி இலங்கையில் பிறந்த கலப்பினப் பெண். பெற்றவர் ஷார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். பிரசவத்தின்போது அவரே பதின்வயதின் தொடக்கத்திலிருந்த சிறுமி. அன்றைய அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து குடியேறுவதை 1917ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946வரை நிலைமை இதுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்குக் கதாநாயகி வேடம் ஏது? 1935இல் 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோதும் அவர் டாஸ்மேனியாக்காரர்தான். விபத்தில் முகத்தில் விழுந்த தழும்புகளை மறைக்க ஒளிப்பதிவாளர் லூசியன் பாலர்ட் கேமராவுக்கு அருகே வைத்த சிறுவிளக்கு, அவர் செல்லப்பெயரால் 'ஓபி' என்று இன்றும் அழைக்கப்படுகிறது. 1978இல் ஹோபார்ட் நகரம் தன் 'மண்ணின் மகளுக்கு' வரவேற்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 1983இல் வந்த வாழ்க்கை வரலாறுதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

ஊருக்காக வெளுக்கப்பட்ட ஒரு மனிதனின் கதையில், அவன் அழுக்கைச் சுமக்கும் பெண்ணாக நடிக்க வந்தவர், தன்னையே வெளுத்துக்கொண்டு வந்து நின்றவர். படப்பிடிப்புத் தளத்தில் இதை யோசித்திருப்பாரா? வீட்டில் யோசித்திருப்பார். லண்டனில் அவருடன் வாழ்ந்த ஷார்லட்டை விருந்தாளிகள் வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைக்கவிட்டார்கள் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வது. ஷார்லட் 1937இல் இறந்தார். பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து அவரை ஓவியமாக வரையச் சொன்னாராம் மெர்ல், 1949இல். தோலின் நிறத்தை மட்டும் வெளுப்பாக்கச் சொல்லி.

என் பாட்டியின் ஒரே புகைப்படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது, ஸ்டுடியோவில் நாங்கள் கேட்காமலே நிறத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். "நல்லாத்தானே இருக்கு" என்று அம்மா அதையே சட்டம் போட்டு மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரென்று கேட்பார்கள்.

இவ்வளவையும் அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். மணி அடித்த பிறகும் அந்த மாணவி எழுந்து போகவில்லை. "அந்தப் படத்த இன்னொரு தடவ போடுங்க மேம்" என்றாள். "அவங்க மூஞ்சிய நான் சரியாவே பாக்கல."