ஒரே பகல், இரு குளிர்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட 400 மீட்டர் அளவுக்குத் தாழ்வு. இரண்டுக்கும் அட்சரேகை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஓசூரின் மூக்கண்டப்பள்ளியில் மார்கழிப் பகல் எவ்வளவு நீளமோ, கிருஷ்ணகிரியிலும் அவ்வளவுதான். குளிர் மட்டும் வேறு. உயரம் பகலை மாற்றுவதில்லை, அந்தப் பகலுக்குரிய பருவத்தை மாற்றிவிடுகிறது. ஈக்களின் பருவ உறக்கத்துக்கு இதுவே திறவுகோல்.

பருவ உறக்கம், குளிர் தாக்குவதற்கு முன்பே உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு. வெப்பம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பகல் நீளமோ ஆண்டுதோறும் பிசகாது. அதனால் பூச்சிகள் பகலையே கணக்கில் கொள்கின்றன. டிரோசோபிலா என்னும் பழ ஈயை 12 பாகை செல்சியஸ் குளிரில், 14 மணிக்கும் குறைந்த பகலில் வளர்த்தால் அதன் சினைப்பை வளராமல் நின்றுவிடும் என்பதை 1989இல் சாண்டர்ஸ் குழுவினர் காட்டினர்.

பகல் எந்த நீளத்துக்குக் குறைந்தால் உறங்குவது என்ற எல்லை இடத்துக்கு இடம் மாறும். டிரோசோபிலா லிட்டோராலிஸ் ஈக்கு காக்கசஸில் அந்த எல்லை சுமார் 12 மணி. வடபின்லாந்தில் சுமார் 20 மணி. குடுவைச் செடியின் இலைநீரில் வளரும் வட அமெரிக்கக் கொசுவும் ஈக்களின் வரிசையைச் சேர்ந்ததே. வடக்கே போகப் போகவும் மலையேற ஏறவும் அதன் எல்லை நீள்வதை 1976இல் பிராட்ஷா நிறுவினார். மலையில் குளிர் முந்தி வருகிறது. பகல் இன்னும் நீண்டிருக்கும்போதே மலைக்கொசு உறங்கியாக வேண்டும்.

நம் பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரமே, குளிரும் கடுமையில்லை. இங்கே உறங்காமலே வாழும் ஈயும் உண்டு: 1980இல் கர்நாடகத்துக்குள் நுழைந்த ஊஜி ஈ, ஆண்டு முழுவதும் இனம் பெருக்கிப் பட்டு விவசாயியை வாட்டுகிறது. அது பட்டுப்புழுவின் தோலில் முட்டையிடும். பொரித்த ஈப்புழு குடைந்து நுழைந்த இடத்தில் கரும்புள்ளி விழும். பட்டுக்கூட்டைத் துளைத்து ஈப்புழு வெளியேறிவிட்டால் நூல் அறுந்து, கூடு நூற்புக்கு உதவாது.

புவி வெப்பமடைந்தாலும் பகல் நீளம் மாறாது, குளிர்தான் பிந்தி வருகிறது. அதே குடுவைச்செடிக் கொசுவின் வடபுலக் கூட்டங்கள் உறங்கும் காலத்தைத் தள்ளிப்போட்டுவிட்டதையும், அது மரபணு மாற்றம் என்பதையும் பிராட்ஷாவும் ஹோல்சாஃபெலும் 2001இல் வெளியிட்டனர். இரவு விளக்கொளி சில கொசுக்களின் உறக்கத்தையே தடுக்கிறது. ஆலை விளக்குகள் விடியவிடிய எரியும் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் நாம், மேட்டிலும் தாழ்விலும் ஈக்களை ஆண்டு முழுதும் கணக்கெடுக்கத் தொடங்க வேண்டும். பள்ளி மாணவர்களே செய்யக்கூடிய அறிவியல் பணி இது.