நிமிர்த்தாமல் காத்த வீடு

இங்கிலாந்தில் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, செஷைர் பகுதியிலுள்ள லிட்டில் மோர்டன் ஹால் என்ற மாளிகையைப் பார்க்கப் போனோம். சுற்றிலும் அகழி, நடுவே முழுக்க முழுக்க மரச்சட்டத்தால் ஆன வீடு. நேரான சுவர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மாடி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தரை அலைபோல ஏறி இறங்குகிறது. கட்டட வேலையில் காலம் கழித்தவன் நான். பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, 'இதை ஏன் இன்னும் நிமிர்த்தவில்லை?' என்பதுதான்.

மோர்டன் குடும்பம் 1500களின் தொடக்கத்தில் தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கு மேல் பகுதி பகுதியாகக் கட்டிய வீடு இது. முதலாம் எலிசபெத் அரசியாகி ஓராண்டு கழித்து, 1559இல், முற்றத்தை நோக்கிய ஜன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்டு டேல், தன் பெயரை அவற்றின் மேல் செதுக்கி வைத்திருக்கிறார். எஜமானர் பெயரோடு தச்சர் பெயரும் நிலைத்திருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தை ஈரம் காயுமுன்பே அறுத்துப் பயன்படுத்தினார்கள். ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி, அடுத்ததில் வெட்டிய துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்தார்கள். காயக் காய மரம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கோணலுக்கு அது ஒரு காரணம். உச்சியில் சேர்த்த நீண்ட கூடமும், அதன் கூரையில் வேய்ந்த கனத்த கற்பலகைகளும் இன்னொரு காரணம். அந்தப் பாரத்தில் கீழ்த்தளங்கள் வளைந்தன.

உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற மோர்டன் குடும்பம் நொடித்துப் போனது. வீடு குத்தகை விவசாயிகளிடம் சென்றது. இடித்துப் புதுப் பாணியில் கட்டப் பணமில்லை. அந்த வறுமைதான் பழைய உருவத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதே வறுமையால் 19ஆம் நூற்றாண்டில் கூரை இற்றுப்போகும் நிலையும் வந்தது. குடும்பத்தின் வாரிசான எலிசபெத் மோர்டன் ஒரு கன்னியாஸ்திரி. அவர்தான் வழிபாட்டுக் கூடத்தைச் சீரமைத்தார். மேல்கூடம் சரியாமலிருக்க எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டச் செய்தவரும் அவராக இருக்கலாம். 1938இல் வீடு நேஷனல் டிரஸ்டிடம் வந்தது.

என் கேள்விக்கு விடை இந்தக் கம்பிகளில்தான் இருக்கிறது. வளைந்தபடியே நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று தாங்கிப் பழகிய சட்டங்களை வலிந்து நிமிர்த்தினால், இணைப்புகள் பிளந்துவிடும். அதனால் வளைவை விட்டுவிட்டு, மேலும் சரியாமல் தடுத்தார்கள். மரவீட்டுப் பராமரிப்பில் பொதுவான முறையும் இதுதான்: இற்ற பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே இன மரத்தை ஒட்டிணைப்பது, சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்து மரத்தை அழுகவைக்கும் என்பதால் சுண்ணாம்பு பூசுவது.

பொறுமைக்குப் பரிசும் கிடைத்தது. 1976இல், பிற்காலத்து மரப்பலகைகளுக்குப் பின்னால், விவிலிய மரபைச் சேர்ந்த சூசன்னாவின் கதையைச் சொல்லும் பழைய சுவரோவியம் வெளிப்பட்டது. எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாக்கியிருந்தால் அது மிஞ்சியிருக்குமா?

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலை தொடங்குமுன், எது கெட்டது, எது வெறுமனே வயதானது என்று பிரித்துப் பாருங்கள். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.