பெர்ன் நகரத்துப் பதினெட்டு நோயாளிகள்

ஆல்ப்ஸ் மலையின் உட்பள்ளத்தாக்குகளில் நூற்றாண்டுக்கணக்காக ஒரு துயரம் குடியிருந்தது. கழுத்தில் பெருங்கழலையைச் சுமந்த தாய்மார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுள் சிலரோ வளராத உடலும் தடித்த நாவும் கேளாத செவியும் மலராத அறிவும் உடையவர்கள். அப்பிள்ளைகளை அம்மலைநாட்டார் 'கிரெத்தின்' என்று அழைத்தனர். இன்று ஐரோப்பிய மொழிகளில் வசைச்சொல்லாகிவிட்ட அச்சொல், 'கிறிஸ்தவர்' என்னும் பொருள் தரும் சொல்லினின்றே பிறந்தது என்பர் மொழியறிஞர் பலர். இவரும் திருமுழுக்குப் பெற்ற மனிதரே, விலங்கல்லர் என்று நினைவூட்டுவதற்காக எழுந்த பெயர் அது என்பது அவர்கள் தரும் விளக்கம். இரக்கத்திற் பிறந்த சொல் இகழ்ச்சியாய்த் தேய்ந்தது சொற்களின் வரலாற்றில் புதிதன்று.

இத்துன்பத்தின் வேர் கழுத்தின் முன்புறம், மூச்சுக்குழலைத் தழுவியபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் அமர்ந்திருக்கும் தைராய்டு சுரப்பியில் இருந்தது. இருபது கிராம் அளவே எடையுள்ள உறுப்பு. கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1656-இல் அதற்கு இப்பெயரை இட்டவர் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர். பெயர் கிடைத்தபின்னும் அதன் வேலை இன்னதென்று இருநூறு ஆண்டுகளுக்குமேல் எவருக்கும் விளங்கவில்லை.

இன்று நாம் அறிவது இது. இரத்தத்தினின்று அயோடினை ஈர்த்து, அதைக் கொண்டு தைராக்சின் என்னும் இயக்குநீரை இச்சுரப்பி ஆக்குகிறது. அம்மூலக்கூறு ஒவ்வொன்றிலும் அயோடின் அணுக்கள் நான்கு. உடலின் திசுக்கள் அவற்றுள் ஒன்றைக் கழற்றி, மூன்று அணுக்கள் கொண்ட வீரியமிக்க வடிவாக மாற்றிக்கொள்கின்றன. உயிரணுக்கள் எவ்வளவு விரைவாக எரிபொருளை எரிக்க வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடலில் எவ்வளவு வெப்பம் பிறக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. குழந்தையின் எலும்பு நீள்வதற்கும், கருவறையிலேயே மூளை உருவாவதற்கும் அது வேண்டும். சிசுவின் சொந்தச் சுரப்பி வேலை தொடங்குமுன் தாயின் தைராக்சினே அதற்கும் துணை. இரத்தத்தில் இயக்குநீர் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அதை உணர்ந்து, 'இன்னும் சுரப்பாய்' என்று தைராய்டைத் தூண்டும். அயோடினே கிடைக்காதபோது சுரப்பி என்ன செய்யும்? தூண்டுதல் ஓயாது, சுரப்பி பருத்துக்கொண்டே போகும். அதுவே கழலை.

ஒரு நாளைக்கு ஒருவருக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. அச்சிறு அளவும் ஆல்ப்ஸ் மண்ணில் இல்லை. பனியாறுகளும் மழையும் அதை அரித்துக்கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிட்டன.

1811-இல் பிரான்சு நாட்டு கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டெடுத்தார். எரித்த கடற்பஞ்சைக் கழலைக்குத் தரும் பழைய வழக்கத்தை நன்கறிந்த ஜெனீவா மருத்துவர் குவாந்தே, இப்புதிய பொருளே அதன் சாரமாயிருக்கலாம் என்று ஊகித்து 1820-இல் நோயாளிகளுக்கு அளித்தார். கழலைகள் சுருங்கின. ஆனால் அளவு மிகுந்தபோது படபடப்பும் உடல் மெலிவும் தோன்ற, எதிர்ப்பு மூண்டது. மருந்துக்குக் கெட்ட பெயர் வந்தது. சரியான விடை கையில் கிடைத்தும், அளவு தெரியாமையால் நூறாண்டுகள் நழுவின.

மருந்து கைவிட்ட இடத்தில் கத்தி நுழைந்தது. மூச்சையே அடைக்கும் பெருங்கழலைகளை அறுத்தெடுப்பது அக்காலத்தில் அஞ்சத்தக்க செயல். மேசையிலேயே குருதி கொட்டி இறந்தவர்கள் பலர். 1872-இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரான தியோடர் கோக்கர் இந்நிலையை மாற்றினார். மொரேவியத் திருச்சபையைச் சேர்ந்த பக்தர், அவசரம் அறியாதவர். ஒவ்வொரு இரத்தக்குழாயையும் கட்டி, கிருமி நீக்கி, அங்குலம் அங்குலமாக முன்னேறுவது அவர் முறை. இறப்பு வீதம் விரைந்து சரிந்தது. கழலை மீண்டும் வளராதிருக்கச் சுரப்பி முழுவதையும் நீக்குவதே நல்லது என்று அவர் கருதினார். வயதுவந்தோருக்கு அச்சுரப்பியால் பயனில்லை என்பதே அன்றைய பொதுக் கருத்து.

1874-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இவ்வாறு சுரப்பியை முழுதும் நீக்கினார். புண் ஆறியது; சிறுமி வீடு திரும்பினாள். அவளை அனுப்பிவைத்த ஊர் மருத்துவரோ, பின்னாளில் அவள் மந்தமாகி வருவதைக் கண்டு கோக்கரிடம் தெரிவித்தார். அச்செய்தியின் பொருள் அப்போது எவருக்கும் முழுமையாகப் புலப்படவில்லை. 1882-இல் ஜெனீவாவில் ஒன்றுவிட்ட சகோதரர்களான ரெவெர்தேன் மருத்துவர் இருவர் தங்கள் நோயாளிகளிடமும் இத்தகைய சோர்வும் வீக்கமும் மந்தமும் தோன்றியதைக் கூறினர்.

அதன்பின் கோக்கர் செய்த காரியமே இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது. வெற்றிக் கணக்கோடு அவர் அமைதியாக இருந்திருக்கலாம். இறப்பு வீதத்தைக் கொண்டு அவரைக் குறைகூற எவராலும் இயன்றிராது. அவரோ தாம் சுரப்பியை முழுதும் நீக்கிய நோயாளிகளைத் திரும்ப வரும்படி அழைத்தார். பதினெட்டுப் பேர் வந்தனர். அவர்களுள் பதினாறு பேர் வீங்கிய முகமும் குளிர்ந்த தோலும் தடுமாறும் பேச்சுமாக நின்றனர். அந்தச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. முன்பு அவளும் தங்கையும் ஒருவரை ஒருவர் என்று மயங்கும் அளவுக்கு ஒத்திருந்தவர்கள். இப்போது தங்கை வளர்ந்த அழகிய நங்கை; அக்காளோ குள்ளமாய், உணர்வு மங்கிய முகத்தினளாய் நின்றாள். மலைப்பள்ளத்தாக்குகளில் இயற்கை செய்த கொடுமையைப் பெர்னில் ஒரு நல்ல மனிதரின் கை செய்திருந்தது.

இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. விரைந்து அறுத்த மருத்துவர்கள் சுரப்பியின் துணுக்குகளை அறியாமலே விட்டுவைத்தனர். அத்துணுக்குகள் நோயாளியைக் காத்தன. கோக்கர் எதையும் விட்டுவைக்காத நேர்த்தியாளர். அந்நேர்த்தியே தீங்காயிற்று. இரத்தத்தில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அது தீர்ந்தபின்னும் விளைவுகள் மெல்ல மெல்லவே தலைகாட்டும். மருத்துவமனையை விட்டுச் செல்லும் நாளில் நோயாளி நலமாகவே தோன்றியதன் காரணம் அது.

1883 ஏப்ரலில் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் பேரவையில் கோக்கர் அனைத்தையும் வெளியிட்டார். அவர் சொன்ன காரணம் பிழை: மூச்சுக்குழல் நலிந்து காற்று குறைந்ததால் வந்த கேடு என்று எண்ணினார். சொன்ன உண்மைகளோ பிழையற்றவை. தீங்கற்ற கழலைக்குச் சுரப்பியை முழுதும் நீக்கும் முறையை அவர் கைவிட்டார். உலகெங்கும் தைராய்டு பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்தே வேகம் பெற்றது. 1909-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவரே.

சுரப்பி இல்லாததே நோய் என்றால், சுரப்பியைக் கொடுத்தால் என்ன? 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்னும் இளம் மருத்துவர், தைராய்டு செயலிழந்து வாடிய 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். முகம் தெளிந்தது, பேச்சு திரும்பியது. பின்னர் வாய்வழியே மருந்தை உட்கொண்டு 28 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அதற்காக எண்ணூற்று எழுபதுக்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன! தைராய்டில் அயோடின் உண்டென்று ஜெர்மனியின் பௌமன் 1895-இல் கண்டதும், 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் அமெரிக்காவின் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்ததும், 1927-இல் ஹாரிங்டனும் பார்கரும் அதை ஆய்வகத்திலேயே செய்ததும் அதன் தொடர்ச்சி. இன்று நம் உறவினர் எத்தனையோ பேர் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் சிறு மாத்திரை இவ்வழியே வந்தது.

ஆயினும் மாத்திரை கிரெத்தின் பிறப்பைத் தடுக்கவில்லை. அதைத் தடுத்தது உப்பு. வலே மாநிலத்தின் மலைப்பள்ளத்தாக்கில் பணியாற்றிய மருத்துவர் ஓட்டோ பயார்ட், 1918-இல் கிரேக்கன் என்னும் சிற்றூரின் சில குடும்பங்களுக்கு, மிகமிகச் சிறிதளவு அயோடைடைச் சமையல் உப்பில் கலந்து குளிர்காலம் முழுவதும் கொடுத்தார். குழந்தைகளின் கழலைகள் வற்றின. எவருக்கும் தீங்கு நேரவில்லை. குவாந்தே தவறவிட்ட அளவை அவர் கண்டுவிட்டார். ஹெரிசாவ் மருத்துவர் எக்கன்பெர்கர் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசி விண்ணப்பம் திரட்ட, 1922-இல் அவருடைய மாநிலம் அயோடின் உப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாய்த் தொடர்ந்தன. 1930-க்குப் பின் அந்நாட்டில் புதிதாகக் கிரெத்தின் பிறந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் இதே சோதனையை 1956-இல் தொடங்கி இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் நடத்தியவர்கள் இராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும். அதன் விளைவாய் 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. கடலோரத்தார் நமக்கு ஏன் இது என்று கேட்போர் உண்டு. தூத்துக்குடி அளங்களில் விளையும் உப்பு கடல் தந்ததே ஆயினும், இயல்பாக அதில் தங்கும் அயோடின் மிகமிகச் சொற்பம். ஆலையில் சேர்த்தால்தான் உண்டு. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்பதற்கு இருந்த தடை 2000-இல் நீக்கப்பட்டு, 2005-இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. நுகர்வோர் கைக்கு வரும்போது ஒரு கிராம் உப்பில் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். பத்து கிராம் உப்பு ஒரு நாளைய தேவையை நிறைவு செய்துவிடும். இரத்தக் கொதிப்புக்கு அஞ்சி உப்பைக் குறைப்போர் பெருகிவரும் இந்நாளில் இக்கணக்கும் மாறவேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்து 2014-இல் தன் உப்பின் அயோடின் அளவை மீண்டும் ஒருமுறை உயர்த்திக்கொண்டது.